எங்கள் வீட்டுக்கு டவர் வந்த கதை

“பிசிக்ஸா? அதப் படிச்சு என்னடி பண்ணப்போற... உங்க வீட்டுக்கு ஒரு டவர இழுத்துட்டு வரப்போறியா?”

நான் மன்னார்குடியில் காலேஜ் சேர்ந்த வருடம் கமலா அத்தை கேட்ட கேள்வி இது. எதிர் வீடு. சொந்தம் என்று எதுவும் கிடையாது. ஆனாலும் தெருவில் பாதிப் பேருக்கு அவர் அத்தை. மீதிப் பேருக்குப் பயம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பிசிக்ஸ் படித்தால் என்ன ஆகலாம் என்று வீட்டுக்குள் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் ஏது? அப்பாவுக்குக் குத்தகை வயல், அம்மாவுக்கு மாடு. இரண்டு பேருக்கும் நான் காலேஜ் போகிறேன் என்பதே போதுமாக இருந்தது. எந்தப் பாடம் என்பதெல்லாம் என் இஷ்டம்.

அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கேள்விக்குப் போன மாதம்தான் பதில் சொன்னேன். வாயால் இல்லை... இரும்பு பைப்பால்.

எங்கள் ஊரில் சிக்னல் என்ற வார்த்தையை யாரும் சொல்வதில்லை. டவர்தான். ‘டவர் இருக்கா?’, ‘டவர் போயிடுச்சு’, ‘இரு, டவருக்கு வந்து பேசுறேன்’. நிஜமான டவர் ஊருக்கு வடக்கே, வயலைத் தாண்டி மெயின் ரோட்டில் நிற்கிறது. ராத்திரியில் அதன் சிவப்பு விளக்குகூடத் தெரியும். ஆனால் அதற்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்பு, அதை ஒட்டி வாய்க்கால் கரை முழுக்க மூங்கில். அலைகள் எல்லாம் மூங்கிலோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போய், எங்கள் வீட்டுக்கு வரும்போது ஒரு கோடுதான் மிச்சம். அதுவும் கண்ணிமைத்தால் இருக்காது.

மூங்கில் முடிகிற இடத்தில் வாய்க்கால் மதகு. அங்கே போனால் பேசலாம். எனவே ஊரே அங்கேதான் பேசும். யார் வீட்டுப் பெண்ணை யார் பார்த்துவிட்டுப் போனார்கள், சிங்கப்பூரில் இருக்கும் கமலா அத்தை மகன் என்ன சாப்பிட்டான்... எல்லாம் மதகில் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பத்திரிகைப் பத்தியையே நான் பல வாரம் மதகுக் கட்டையில் உட்கார்ந்துதான் அனுப்பியிருக்கிறேன். சில வாரங்களில் எழுத்துப் பிழை அதிகம் இருந்தால், பக்கத்தில் அத்தை பேசிக்கொண்டிருந்தார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்குள் ஒரே ஒரு இடம் உண்டு. சமையல்கட்டு ஜன்னல் கம்பி. அதில் ஒரு மஞ்சள் பையைத் தொங்கவிட்டு அதற்குள் போனைப் போட்டு வைத்திருப்போம். மணி அடித்தால் எடுக்கக் கூடாது. எடுத்தால் கட் ஆகிவிடும். பைக்குள் விரலை விட்டு ஸ்பீக்கரை அழுத்தி, பையின் வாயருகே குனிந்து பேச வேண்டும். அம்மா அதில் எக்ஸ்பர்ட். புதிதாக வீட்டுக்கு வருபவர்கள் பார்த்தால், அம்மா பைக்குள் இருக்கும் கத்தரிக்காயை நலம் விசாரிப்பதாகத்தான் நினைப்பார்கள்.

பழகிவிட்டது. பிரச்சினை என்று நினைத்ததே இல்லை.

வேலை கிடைக்கிற வரைக்கும்.

ஆன்லைனில் பள்ளி மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஒரு கம்பெனி. பிசிக்ஸ் டீச்சர் வேண்டும் என்றார்கள். எழுத்துத் தேர்வில் பாஸ். அடுத்து டெமோ கிளாஸ். நிஜ மாணவர்கள், நிஜப் பாடம், பின்னால் உட்கார்ந்து மார்க் போட ஒரு கோஆர்டினேட்டர் மேடம்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்து, பைக்குள் இருக்கும் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு ஆரம்பித்தேன். “ஒலி எப்படிப் பயணம் செய்கிறது?” என்று கேட்டேன். என் ஒலி பயணம் செய்யவில்லை. திரையில் என் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. ஒரு பையன் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது:

“மிஸ் ஸ்டக் ஆகிட்டாங்க... கொட்டாவி விடும்போது.”

மேடம் நல்லவர். மறுநாள் மதகில் நின்று அவரோடு பேசினேன். “நீங்க நல்லாத்தான் ஆரம்பிச்சீங்க சுகந்தி. சனிக்கிழமை இன்னொரு சான்ஸ் தர்றேன். அன்னைக்கும் லைன் இப்படித்தான்னா, சென்னைக்கு வந்து ஆபீஸ்ல உக்காந்து எடுங்க. இல்லேன்னா நாங்க வேற ஆளப் பாக்கணும்மா.”

சென்னை என்றால் ஹாஸ்டல். ஹாஸ்டல் என்றால் ஒரு அறையில் நாலு பேர்.

ஊர்ப் பாசத்தில் போக மறுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இங்கே ஒரு அறை இருக்கிறது. நான் பன்னிரண்டாவது படிக்கும்போது அப்பா வீட்டோடு சேர்த்து எழுப்பிய அறை. எங்கள் வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் இருக்கும் ஒரே அறை அதுதான். அந்தத் தாழ்ப்பாளை விட்டுவிட்டு நான் ஏன் போக வேண்டும்?

ஆக... சனிக்கிழமைக்குள் டவர் வீட்டுக்கு வந்தாக வேண்டும்.

டவுனில் ஒரு மொபைல் கடைக்காரர் பூஸ்டர் ஒன்றை எடுத்துக் காட்டினார். “மாட்டுனா போதும் மேடம், ஃபுல் டவர்.” அனுமதி இல்லாமல் அதை மாட்டக் கூடாது, அது சுற்று வட்டாரத்தில் இருப்பவர்களின் சிக்னலையும் கெடுக்கும் என்றேன். “எல்லாரும் வாங்கிட்டுத்தான் போறாங்க” என்றார். எல்லாரும் பிசிக்ஸ் படிக்கவில்லையே! சிம் போடும் ரவுட்டர் ஒன்று, அதோடு இணைக்க வெளியில் வைக்கும் ஆன்டெனா ஒன்று, நல்ல கேபிள் - இவ்வளவுதான் வாங்கினேன். ஆன்டெனா சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி. “இதுவா டவர இழுக்கும்?” என்று அம்மா அதைத் தட்டிப் பார்த்தாள்.

முதலில் எங்கே வைப்பது என்று பார்க்க வேண்டும். சிக்னல் அளவு காட்டும் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் போனை ஏந்தியபடி கொல்லை முழுக்க மெதுவாக நடந்தேன்.

அப்படியே வாசலுக்கும் வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம், தெருவில் கமலா அத்தை.

“என்னடி, நீரோட்டம் பாக்குறியா? அதுக்குத் தேங்காயத்தானே கையில வச்சுக்கிட்டு நடக்கணும்!”

“தண்ணி இல்ல அத்தை, டவர் பாக்குறேன்.”

“தோண்டுனா வருமா?”

தோண்டினால் வராது, ஏறினால் வரும். மொட்டை மாடியின் வடகிழக்கு மூலையில், தென்னை மட்டைகளுக்கு நடுவே ஒரு சந்து கிடைத்தது. இன்னும் ஒன்றரை ஆள் உயரம் போனால் மூங்கிலும் மறைக்காது. அப்பா கொல்லையில் கிடந்த பழைய போர் பைப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டி, மூன்று பக்கமும் கயிறு இழுத்து, இடி மின்னலுக்கு எர்த்தும் போட்டோம். ஆன்டெனாவை மேலே ஏற்றிய கயிறு ஒன்றை, பின்னால் எதற்காவது உதவும் என்று கிளாம்ப்பிலேயே விட்டுவைத்தார் அப்பா. உதவியது... எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

நான் கீழே லேப்டாப்போடு. மேலே அப்பா பைப்பைத் திருப்புகிறார். ஏணியில் பாதியில் நின்று அம்மா அஞ்சல் செய்கிறாள்.

“மூஞ்சி டவரப் பாக்கணும்மா! அந்தப் பெட்டியோட மூஞ்சி நேரா வடக்க பாக்கணும்!”

“ஏங்க, மூஞ்சி வடக்க பாக்கணுமாம்!”

“இதுல எதுடி மூஞ்சி? ரெண்டு பக்கமும் மொழுக்குனுல்ல இருக்கு!”

“கேபிள் இருக்கறது முதுகு. அந்தப் பக்கம் மூஞ்சி!”

அப்பா திருப்பினார். ஒரு கோடு. இரண்டு கோடு. நாலு கோடு! லேப்டாப்பில் வீடியோ தண்ணீர் மாதிரி ஓடியது. வைஃபை வழியாகவே போன் பேசலாம் என்பதால் மஞ்சள் பைக்கும் அன்றோடு ஓய்வு. அம்மா தன் தங்கைக்குப் போன் போட்டாள். பழக்க தோஷம்... காதில் வைத்தும் குனிந்துதான் பேசினாள்.

சாயங்காலம் தெருவே வந்து அண்ணாந்து பார்த்தது. கமலா அத்தையும் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

அடுத்த நாள் டவர் போய்விட்டது.

முழுதாகப் போனாலும் பரவாயில்லை. போகும், வரும். ஆடிக் காற்று அடித்தால் நாலு கோடு. காற்று நின்றால் ஒன்று. “காத்து டவரத் தள்ளிக்கிட்டு வருது” என்றார் அப்பா. அப்படி எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றேன். ஆனால் கண்ணெதிரே அப்படித்தானே நடக்கிறது? ரவுட்டரை அணைத்துப் போட்டேன். சிம்மைத் துடைத்துப் போட்டேன். கஸ்டமர் கேரில் கேட்டேன், டவரில் கோளாறு இல்லை என்றார்கள். மாடியேறி, கைப்பிடிச் சுவர் மேல் நின்று, குறுக்கே தொங்கியதைத் தோளால் தள்ளிக்கொண்டு, கேபிள் நுனியை முறுக்கிப் பார்த்தேன். “வந்துடுச்சு!” என்று கீழேயிருந்து அப்பா கத்தினார். ஆகா, கனெக்டர்தான் லூஸ்! இறங்கி வந்தேன். போய்விட்டது. மறுபடி ஏறி, மறுபடி தள்ளி, மறுபடி முறுக்கினேன். வந்தது. இறங்கினேன். போனது.

“நீ மேலயே நின்னு பாடம் நடத்திடேன்” என்றார் அப்பா. கிண்டல் இல்லை. நிஜமாகவே யோசித்துச் சொன்னார்.

நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. வெள்ளிக்கிழமை, காற்று அடித்தால்கூட இரண்டு கோடுதான். அப்பா வேறு ஒரு புகாரோடு வந்தார்: “மாட்டுக்கொட்டாய்க் கூரையில கெடந்த பூசணிக்காய்ல ரெண்டு காணும். சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு. எவன் பறிச்சான்னு தெரியல.” எனக்கு என் கவலை. அம்மா அவசரமாக மாட்டுக்குத் தவிடு கலக்கப் போய்விட்டாள்.

வாசல் வேலியிலிருந்து அத்தை: “என்னடி, பிசிக்ஸு லீவுல போயிடுச்சா?”

அன்று ராத்திரி ஹாஸ்டலில் சேர என்னென்ன வேண்டும் என்று யோசித்தபடி தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

சனிக்கிழமை. பத்து மணிக்கு டெமோ. ஒன்பதரைக்குக் கடைசி முயற்சியாக மாடிக்கு ஏறினேன். கைப்பிடிச் சுவரில் கால் வைத்து, குறுக்கே தொங்கியதைத் தோளால் தள்ளினேன். இந்த முறை அது நகரவில்லை. கனமாக இருந்தது. எரிச்சலோடு திரும்பிப் பார்த்தேன்.

முழிக் கண், கோரப் பல், தொங்கும் நாக்கு. மூக்குக்கு மூக்கு வைத்தாற்போல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது... திருஷ்டிப் பூசணிக்காய்.

குங்குமத்தையும் கரியையும் குழைத்து வரைந்த முகம். அப்பா விட்டுவைத்த கயிற்றில், கொடி ஏற்றுவது போல ஏற்றி, ஆன்டெனாவுக்கு நேர் முன்னால் கட்டியிருந்தது. அதற்குக் கீழே சின்னதாக இன்னொன்று.

பூசணிக்காய் என்பது என்ன? தோல் போர்த்திய தண்ணீர். இந்த மாதிரி அலைகளை எதை வைத்து மறைக்கலாம் என்று என்னைக் கேட்டிருந்தால், நானே கொஞ்சம் யோசித்துவிட்டு அதைத்தான் சொல்லியிருப்பேன். காற்றில் காய் ஆடினால் டவர், ஆடாவிட்டால் இல்லை. நான் தோளால் தள்ளினால் டவர், இறங்கினால் இல்லை. இத்தனை நாள் அதை உரசிக்கொண்டு நின்றுதான் கனெக்டரை முறுக்கியிருக்கிறேன்!

எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? பட்டிருக்கிறது. மூளையில்தான் படவில்லை. புது வீடு, புது டிராக்டர், புதுக் கடை... எது புதிதாக வந்தாலும் அதன் முன்னால் ஒரு பூசணிக்காய் தொங்கும் என்று பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய கண். ஊரும்தான் தினம் பார்த்தது. யாராவது சொன்னார்களா? சூரியன் கிழக்கே உதித்திருக்கிறது என்று யாராவது வந்து சொல்வார்களா?

“அம்மா!”

அம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே ஏறி வந்தாள். முகத்தில் கொஞ்சமும் குற்ற உணர்வு இல்லை.

“நீயா கட்டுன?”

“பின்ன? கம்பம் நட்ட அன்னைக்கு எத்தன பேரு வந்து பாத்தாங்க... எதிர்வீட்டுக்காரி கண்ண எடுக்காம நின்னா. மறுநாளே கட்டுனேன். உன்கிட்ட சொன்னா நீ சிரிப்ப.”

“பெருசு?”

“சின்னது கட்டியும் டவரு போயிடுச்சுன்ன. அவ்வளவு கண்ணு. சின்னது தாங்குமா? அதான் பெருசாக் கட்டுனேன்.”

“அம்மா... இது கட்டினதாலதான் டவரே போச்சு! கம்பத்துக்குப் போயி யாராவது திருஷ்டி கட்டுவாங்களா?”

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“கம்பத்துக்கா கட்டுனேன்? உனக்குடி. ‘கையெழுத்துப் போடத் தெரியாதவ பெத்த பொண்ணு வீட்டுக்கே டவரக் கொண்டாந்துட்டா’ன்னு ஊரு பூரா அதே பேச்சு. உன்னத் தெருவுல நிறுத்தி டெய்லி சுத்திப் போட முடியுமா? அதான் கம்பத்துல கட்டுனேன்.”

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் மணி ஒன்பதே முக்கால். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

“சரி, அவுத்துடலாம்மா.”

“அமாவாசைக்குத்தான் அவுக்கணும். நடுவுல தொடக் கூடாது.”

பதினைந்து நிமிடத்தில் அமாவாசையை எப்படிக் கொண்டுவருவது? அலைநீளம் பற்றி விளக்கலாம். அம்மா பொறுமையாகக் கேட்பாள், அவிழ்க்க மாட்டாள். நான் மூச்சை இழுத்துவிட்டுக் கேட்டேன்.

“ஏன் இந்தப் பக்கம் கட்டுன?”

“நீதானடி சொன்ன, இதுதான் அதோட மூஞ்சின்னு. மூஞ்சிக்கு நேராத்தானே கட்டணும்?”

“மூஞ்சி எங்க பாக்குது? வயல. வயல்ல யாரு இருக்கா கண்ணு வைக்க? கொக்கும் மடையானும்தான் இருக்கு. ஊரு கண்ணு எந்தப் பக்கத்துலேருந்து வருது?”

அம்மா தெருவைப் பார்த்தாள். எதிர் வீட்டைப் பார்த்தாள். பூசணிக்காயைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

“அதாண்டி வேலை செய்யல! வர்ற கண்ணுக்கு முதுகக் காட்டிக்கிட்டுல்ல தொங்குது!”

அடுத்த நிமிடம் இரண்டு பேரும் கயிற்றைத் தளர்த்தி, பூசணிக்காயை ஆன்டெனாவின் முதுகுப் பக்கம் கொண்டுவந்து, கோரப் பல் கமலா அத்தை வீட்டைப் பார்க்கும்படி இறுக்கிக் கட்டினோம்.

“வந்துடுச்சு! நாலு!” - கீழேயிருந்து அப்பா.

“பாத்தியா?” என்றேன் நான்.

“பாத்தியா?” என்றாள் அம்மா.

ஒரே சோதனை. ஒரே முடிவு. விளக்கம் மட்டும் இரண்டு. இரண்டு பேருக்குமே நிரூபணம் ஆகிவிட்டது. விஞ்ஞானத்துக்கு இதைவிடச் சங்கடமான நாள் இருந்திருக்குமா, தெரியவில்லை.

பத்து மணிக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கரி படிந்த கையோடுதான். போன தடவை கொட்டாவி என்று சொன்ன அதே பையன் கேட்டான்: “மிஸ், இன்னைக்கு ஸ்டக் ஆக மாட்டீங்களா?” மாட்டேன், ஏன் என்று சொல்லட்டுமா என்று கேட்டேன். தயார் செய்த பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, ரேடியோ அலை எதைத் தாண்டும், எதைத் தாண்டாது என்று பூசணிக்காயை வைத்தே நடத்தினேன். கண்ணாடி? தாண்டும். செங்கல் சுவர்? கஷ்டப்பட்டுத் தாண்டும். தண்ணீர்? “பூசணிக்காய்!” என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். முகம் ஒரு முறைகூட நிற்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் கோஆர்டினேட்டர் மேடம் இரண்டே வார்த்தைதான் சொன்னார். “திங்கக்கிழமை ஜாயின்.” பிறகு கொஞ்சம் தயங்கி, “அந்தப் பூசணிக்காய்... ஃபோட்டோ கிடைக்குமா?”

அனுப்பினேன். நாலு கோட்டில் நொடியில் போய்விட்டது.

நானும் படித்த திமிரில் கொஞ்ச நாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். ஆனால் ஊரில் செய்தி எப்படிப் பரவியது தெரியுமா? அம்மா மூலமாக. மதகு வழியாக. பக்கத்துத் தெருவில் ஒருவர் ஆன்டெனா, ரவுட்டர் எதுவும் இல்லாமல் மாடியில் பூசணிக்காய் மட்டும் கட்டிவிட்டு, இரண்டு நாளாக டவருக்குக் காத்திருக்கிறார். விளக்கிச் சொல்லப் போனேன். “நீ சின்னப் பொண்ணு. உங்கம்மாவ வரச் சொல்லு” என்றுவிட்டார்.

போன ஞாயிறு கமலா அத்தை வீட்டுக்கே வந்தார். முழங்கால் வலியாம். மகனோடு பேச மதகு வரைக்கும் நடக்க முடியவில்லையாம்.

“ஏண்டி சுகந்தி... எங்க வீட்டுக்கும் ஒரு டவர இழுத்துக் குடேன்.”

இந்த ஒரு வரிக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன்! பதிலும் தயாராக இருந்தது.

“அதுக்கு பிசிக்ஸ் படிச்சிருக்கணுமே அத்தை.”

அத்தை அசரவே இல்லை.

“அதான் நீ படிச்சிருக்கியே!”

இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். நேற்று அவர் வீட்டு மாடியில் ஏறி அளவெடுத்துவிட்டேன். பைப்புக்குச் சொல்லியாகிவிட்டது, ஆன்டெனாவும் ஆர்டர் போட்டுவிட்டேன்.

அம்மா கொடியில் காய் பார்த்து வைத்துவிட்டாள்.